முகம் தெரியாத நிபுணர் சொன்னால் வயலுக்கு மருந்தடிக்கலாமா, குளிசை போடலாமா?

டிசம்பர் 27, வாசகர் ஒருவர் கேட்டது

மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கம் எங்கள் நெல் வயல். விதைத்து ஐம்பது நாள் தாண்டிவிட்டது. நடுவில் வட்டமாக மஞ்சள் விழுகிறது, அறக்கொட்டியான் பூச்சி என்கிறார் பக்கத்து வயல்காரர். தமிழ்நாட்டில் ஒரு வேளாண்மை டாக்டர், பெயருக்குப் பின்னால் மூன்று பட்டம், வீடியோவில் மருந்தின் பெயரைச் சொல்லி உடனே அடியுங்கள் என்கிறார். கீழே நன்றி சொன்னவர்களை எண்ணி முடியாது. எங்கள் விவசாயப் போதனாசிரியரைப் பிடிக்கவே முடியவில்லை. படித்த மனிசன் சொல்கிறார், ஒரு சதம் காசு கேட்கவில்லை. ஏன் நம்பக்கூடாது?

டிசம்பர் 27, இரவு

நம்பக்கூடாது என்று சொல்ல வரவில்லை தம்பி. ஆனால் நாளைக்கே மருந்தடிக்க வேண்டாம். காலையில் வயலுக்குள் இறங்கி, மஞ்சள் வட்டத்தின் ஓரத்தில் இன்னும் பச்சையாக நிற்கிற பயிரைக் கையால் விலக்கி அடியைப் பாருங்கள். தண்ணீருக்குச் சற்று மேலே தண்டோடு ஒட்டிக்கொண்டு மண்ணிறத்தில் சின்னப் பூச்சி கூட்டமாக நிற்கிறதா? தட்டினால் தண்ணீரில் விழுகிறதா? சிலந்தி ஓடுகிறதா? கடைசியாக யூரியா எப்போது போட்டீர்கள், எவ்வளவு போட்டீர்கள்? தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, வடிக்க வழி உண்டா? விதைத்தது என்ன நெல்?

இதில் ஒன்றையாவது அந்த டாக்டர் கேட்டாரா? வீடியோவால் கேட்க முடியாது, அது அவருடைய குற்றமில்லை. ஆனால் கேட்காமல் சொன்ன பதில் யாருடைய வயலுக்கான பதில் என்று யோசியுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் எடுத்துப் பாருங்கள். அங்கே இருப்பவரும் உங்களுக்கு முகம் தெரியாத ஆள்தான், ஆனால் திருப்பிக் கேள்வி கேட்பார்.

டிசம்பர் 28

நேற்று அவசரத்தில் எழுதியது. ஏன் மருந்தைப் பிடித்து நிறுத்தினேன் என்பதைச் சொல்லவில்லை.

அறக்கொட்டியான் இருப்பது பயிரின் அடியில். மேலே நின்று இலைக்கு அடிக்கிற மருந்து அதுவரைக்கும் போய்ச் சேராது. போய்ச் சேருவது மேலே நிற்கிற சிலந்திக்கும், அறக்கொட்டியானின் முட்டையைத் தின்னுகிற சின்ன நாவாய்ப் பூச்சிக்கும்தான். சைபர்மெத்ரின் மாதிரி எல்லாவற்றையும் கொல்லுகிற மருந்தை அடித்தால் இவை செத்துப்போகும், கொஞ்ச நாளில் அறக்கொட்டியான் முன்னதைவிடப் பெருகி வரும். இது புதிய சங்கதி இல்லை. இந்தோனேசியாவில் இந்தப் பூச்சியின் பெருக்கம் தாங்க முடியாமல் போய், 1986இல் சுகார்த்தோ அரசு நெல்லுக்கு அடிக்கிற 57 பூச்சிநாசினிகளை ஒரே உத்தரவில் தடைசெய்தது. மருந்து போதாமல் வந்த வினையில்லை அது, மருந்தே கொண்டுவந்தது.

அப்புறம் யூரியா. தழைச்சத்து கூடினால் பயிர் கரும்பச்சையாகி அடர்ந்து நிற்கும், உள்ளே காற்றுப் போகாது, அந்தப் புழுக்கம்தான் இந்தப் பூச்சிக்கு வீடு. மார்கழி மழை விட்டு மப்பும் மந்தாரமுமாக இருக்கிற இந்த நாட்களில் வாவிக்கு மேற்கே படுவான்கரை முழுக்க அப்படித்தான். மூன்று நான்கு நாள் தண்ணீரை வடித்துவிட்டு, யூரியாவை நிறுத்திப் பார்க்கிறது முதல் வேலை. அதற்குப் பிறகும் மருந்து தேவை என்றால் எது என்பதைக் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். இமிடாகுளோபிரிட் என்று வீடியோவில் வந்தால் கவனம். 2000களின் நடுப்பகுதியிலிருந்து ஆசியாவில் பல நாடுகளில் இந்தப் பூச்சி அந்த மருந்துக்கு அசையாமல் நிற்கப் பழகிவிட்டது.

டிசம்பர் 28, பின்னேரம்

இன்னொன்று. அந்த வீடியோவை முழுக்கப் பார்த்தேன். நல்ல மனிசன், விசயம் தெரிந்தவர். எட்டடிக்கு ஒரு தரம் பட்டம், அதாவது பயிரில்லாத இடைவெளி, விடுங்கள், காற்று உள்ளே போகும் என்கிறார். சரியான யோசனை, நாற்று நட்ட வயலுக்கு. அவருடைய ஊரில் நாற்று நடுகிறார்கள், வரிசை உண்டு, நடும்போதே பட்டம் விடலாம். நாங்கள் விதைநெல்லை வீசி விதைக்கிறோம். வரிசையே இல்லாத வயலில் ஐம்பது நாளுக்குப் பிறகு பட்டம் விடுகிறது என்றால் நீட்டுக் கம்பால் பயிரைச் சாய்த்து ஒதுக்கிக்கொண்டு போகவேண்டும், அது வேறு வேலை. அவர் பொய் சொல்லவில்லை. நட்ட வயல் என்று சொல்லவில்லை, ஏனென்றால் அவரைக் கேட்கிறவர்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

டிசம்பர் 30

"அப்படியென்றால் வெளியூர் ஆட்கள் சொல்வது எல்லாம் குப்பை என்கிறீர்களா அக்கா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லவே இல்லை.

போன சிறுபோகத்தில் அண்ணனின் தண்ணீர்ப் பம்ப் நின்றுபோனது. ஹொண்டா ஜீஎக்ஸ் எஞ்சின். வீட்டு முற்றத்தில் வைத்து இழுத்தால் பிடிக்கும், வாய்க்கால் வரம்பில் கொண்டுபோய் வைத்தால் பிடிக்காது. ஊரில் ஒருவர் காபரேட்டரைக் கழற்றவேண்டும் என்றார், இன்னொருவர் கொயில் போய்விட்டது, புதிது வாங்கு என்றார். நான் பழைய எஞ்சின்கள் பற்றிக் கதைக்கிற ஓரிடத்தில் எழுதிப் போட்டேன். பிலிப்பைன்ஸில் இருந்து ஒரு மனிசன் பதில் எழுதினார். பதிலா அது, முழுக்கக் கேள்வி. காபரேட்டரின் அடித் திருகை இளக்கினால் பெற்றோல் வருகிறதா? பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் வைத்து இழுத்தால் பொறி வருகிறதா, முற்றத்திலும் வருகிறதா, வரம்பிலும் வருகிறதா? வரம்பில் வைக்கும்போது பம்ப் மட்டமாக நிற்கிறதா, சரிந்து நிற்கிறதா?

அண்ணன் போய்ப் பார்த்தார். பெற்றோல் இரண்டு இடத்திலும் வந்தது. பொறி முற்றத்தில் மட்டும்தான். அந்த எஞ்சின்கள் சிலவற்றில் ஒயில் குறைந்தால் பொறியை வெட்டிவிடுகிற ஒரு பாகம் உள்ளே உண்டு, எஞ்சின் எரிந்துபோகாமல் காக்க வைத்தது. ஒயில் கொஞ்சம் குறைந்திருந்தது, மட்டமான நிலத்தில் அது போதும், சரிவில் வைத்தால் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கி அந்தப் பாகம் ஒயில் இல்லை என்று நினைத்துவிடும். ஒயிலை நிரப்பி, கீழே பலகை போட்டு மட்டமாக வைத்தார், முதல் இழுவையிலேயே பிடித்தது. கொயிலுக்குக் கொடுக்க இருந்த காசு மிஞ்சியது.

அந்த மனிசனின் படிப்பு என்ன என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் நம் வரம்பைக் கண்டதில்லை. காணாததைக் கேட்டு அறிந்துகொள்ளவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சொன்னது பிழைத்திருந்தாலும் திருகைத் திரும்ப இறுக்கினால் போதும், ஒன்றும் கெட்டுப்போகாது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் நான் தயங்காமல் நம்புவேன்.

ஜனவரி 2

வயலும் பம்பும் போகட்டும். என்னைப் பயப்படுத்துகிறது குளிசைதான். நான் நிற்பது ஒரு பாமசியில், களுவாஞ்சிக்குடிப் பக்கம். முன்பு டாக்டர் எழுதிய துண்டோடு வருவார்கள், இப்போது போனோடு வருகிறார்கள். யாரோ அனுப்பிய படத்தை நீட்டி "இது இருக்கா" என்கிறார்கள்.

மூட்டு வாதத்தால் நெடுநாள் கஷ்டப்படுகிற ஒரு அம்மாவுக்காக அவரின் மகள் வந்தாள். வெளிநாட்டில் இருக்கிற ஒரு பெண், அதே வருத்தம், தனக்கு மெதொட்ரெக்சேற் 10 மில்லிகிராம் நல்ல சுகம் தந்தது என்று எழுதியிருக்கிறாள். மகள் ஒரு மாதத்துக்கு வேண்டும், ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் கணக்குப் போட்டுத் தாருங்கள் என்றாள். எனக்குக் கை நடுங்கியது.

அந்த மருந்து மூட்டு வாதத்துக்குக் கிழமைக்கு ஒரு தரம். ஒரே ஒரு தரம். நாளாந்தம் எடுத்தால் வாய் முழுக்கப் புண் வரும், எலும்பு மச்சையில் இரத்தம் ஊறுவது நின்றுபோகும், ஆள் சாகவும் கூடும். பல நாடுகளில் இப்படியே மனிதர்கள் செத்திருக்கிறார்கள், அதனால்தான் துண்டில் எந்தக் கிழமை நாள் என்று எழுதச் சொல்கிறார்கள். கூடவே போலிக் அமிலம் கொடுப்பார்கள், இடைக்கிடை இரத்தம் சோதித்து ஈரலும் வெள்ளணுவும் பார்ப்பார்கள். துண்டில்லாமல் கொடுக்கிற மருந்தே இல்லை அது.

நான் அந்தச் செய்தியை வாங்கி முழுக்க வாசித்தேன். அந்தப் பெண்ணிடம் ஒரு வஞ்சகமும் இல்லை. உண்மையைத்தான் எழுதியிருக்கிறாள், அன்போடு எழுதியிருக்கிறாள். கிழமைக்கு ஒரு தரம் என்பது அவளுக்குச் சோறு தின்கிற மாதிரிப் பழகிப்போன விசயம், அதனால் அதை எழுதவே தோன்றவில்லை. பொய்யை எப்படியாவது கண்டுபிடிக்கலாம். சொல்லாமல் விட்டதை, விசயம் தெரியாத ஒருவர் எங்கே போய்த் தேடுவார்? எனக்கு நித்திரை கெட்டது அதனால்தான்.

மகளை அம்மாவோடு கிளினிக்குக்குப் போகச் சொல்லி, அந்தச் செய்தியையும் கொண்டுபோய்க் காட்டச் சொன்னேன். காட்டச் சொன்னதில் ஒரு காரணம் இருக்கிறது. இப்படி ஒரு மருந்து இருக்கிறதென்றே அந்தக் குடும்பத்துக்கு அதுவரை தெரியாது. கேட்கிறதற்கு ஒரு கேள்வி கிடைத்ததே, அது பெரிய உதவிதான்.

ஜனவரி 3

"கிளினிக்கில் டாக்டர் மட்டும் கேட்கிறாரா? கொப்பியைப் பார்க்கிறார், எழுதுகிறார், அடுத்த ஆள்." நிந்தவூரில் இருந்து எழுதியவர் சொன்னது உண்மை, மறுக்கமாட்டேன். விடியற்காலை பஸ் ஏறி நம்பர் எடுத்து மத்தியானம் வரைக்கும் குந்தியிருந்தால் கிடைக்கிறது கொஞ்ச நிமிசம். எங்கள் ஆட்களுக்குச் சில இடங்களில் மொழியும் தடை. வயலிலும் அதே கதை, ஒரு போதனாசிரியருக்கு எத்தனை வட்டை. மனிதர்கள் வெளியே போய்க் கேட்பது சோம்பலால் இல்லை. இதைச் சொல்லாமல் முகம் தெரியாதவரை நம்பாதே என்று மட்டும் சொல்வது அநியாயம்.

ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. கிளினிக் டாக்டர் கேட்காவிட்டாலும் கொப்பி அவர் கையில் இருக்கிறது, போன மாத இரத்தச் சோதனை அதில் இருக்கிறது, ஆள் முன்னால் இருக்கிறார். கால் வீங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியும்.

ஜனவரி 6

இந்த மாதம் இதை எழுதாமல் விட முடியாது. மழைக்குப் பின் மட்டக்களப்பில் டெங்கு வருகிற காலம்.

கனடாவில் ஒரு மச்சான், உண்மையிலேயே டாக்டர், நல்ல ஆஸ்பத்திரியில் வேலை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் வட்ஸ்அப்பில் ஐபுபுரோபன் கொடுங்கள் என்கிறார். ரொறன்ரோவில் அது சரியான பதில். அங்கே காய்ச்சலோடு வருகிற பிள்ளைக்கு டெங்குவாக இருக்குமோ என்று யாரும் யோசிக்கத் தேவையில்லை. இங்கே ஐபுபுரோபன், டைக்ளோபெனக், அஸ்பிரின் எல்லாம் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், நிறைக்கு ஏற்ற அளவில். காய்ச்சல் இரண்டு மூன்று நாள் விடாமல் இருந்தால் இரத்தச் சோதனை. 2017இல் இலங்கை முழுக்க 1,86,000க்கு மேற்பட்ட டெங்குச் சந்தேக நோயாளிகள் பதிவானார்கள், அந்த வருடத்தைக் கண்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பப்பாளி இலைச் சாறு பற்றிக் கேட்டவருக்கு: இரத்தத் தட்டுக் கணக்கு கொஞ்சம் ஏறுகிறது என்று சின்ன ஆய்வுகள் சில உண்டு. ஆனால் டெங்கில் உயிரை எடுப்பது பெரும்பாலும் தட்டுக் கணக்கு இல்லை, இரத்தக் குழாயில் இருந்து நீர் வெளியே கசிகிறது. அது நடப்பது காய்ச்சல் விடுகிற நேரத்தில், பிள்ளை தேறிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடுகிற அந்த ஒன்றிரண்டு நாளில். அப்போது எவ்வளவு நீர் கொடுப்பது என்பதை வார்ட்டில் மணிக்கு மணி அளந்து கொடுப்பார்கள், குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. "நிறையக் குடிக்கக் கொடுங்கள்" என்று எழுதுகிறவர் முதல் நாட்களுக்குச் சரியாகத்தான் சொல்கிறார். எந்த நாள் என்று அவருக்குத் தெரியாது.

ஜனவரி 9

பட்டம் உள்ளவர்கள் மேடையில் சொன்னதை நம்பி அடிபட்டதும் இந்தக் கணக்கில் வரவேண்டும் என்று திருக்கோவில் ஐயா ஒருவர் எழுதியிருக்கிறார். 2021ஐத்தான் சொல்கிறார். மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் திரும்ப விட்டார்கள், அதற்குள் பெரும்போகம் விதைத்தாயிற்று. விவசாய விஞ்ஞானிகள் பலர் அப்போதே எச்சரித்தார்கள். மற்றப் பக்கத்திலும் கலாநிதிகள் இருந்தார்கள். போனிலோ ஒரு நாளைக்கு ஒரு புதுக் கரைசல், மாட்டுச் சாணம், கோமியம், சர்க்கரை, கடலை மா, யூரியாவே தேவையில்லை என்று உறுதி.

எங்கள் அப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு. அவர் ஒரு கணக்குப் போட்டார். ஒரு அந்தர், அதாவது 50 கிலோ, யூரியாவில் 46 வீதம் தழைச்சத்து, அது 23 கிலோ. நல்ல கூட்டெருவில் தழைச்சத்து ஒரு வீதம், மிஞ்சிப்போனால் இரண்டு வீதம். அந்த 23 கிலோவைக் கூட்டெருவில் இருந்து எடுக்க ஆயிரத்து நூற்றைம்பது கிலோவில் இருந்து இரண்டாயிரத்து முந்நூறு கிலோ வரைக்கும் வேண்டும். அதுவும் உடனே கிடைக்காது, மண்ணில் உக்கி மெதுவாகத்தான் வரும். "ஒரு அந்தருக்குப் பதில் இரண்டு தொன். ஒரு ஏக்கருக்கு எத்தனை அந்தர் போடுகிறோம், இவ்வளவு எருவுக்கு இந்த ஊரில் மாடு எங்கே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக் கலாநிதி எவரும் எங்களுக்குப் பதில் சொல்லவில்லை.

எரு கெட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மணல் கலந்த எங்கள் பக்க மண்ணுக்கு எரு போடுகிறது பெரிய உதவி, நீரைப் பிடிக்கும், பசளை ஓடிப்போகாமல் நிற்கும். ஒரு போகத்தில் யூரியாவின் இடத்தை முழுக்க நிரப்பும் என்பதுதான் கணக்கில் நிற்காதது. கணக்கு நிபுணரை விட நிதானமாகப் பார்க்கும், பதவி கேட்காது. எண் வருகிற ஆலோசனை எதுவானாலும் நான் இப்போது ஒரு தாளில் பெருக்கிப் பார்க்கிறேன்.

ஜனவரி 15

பொங்கல் வாழ்த்துகள். வெல்லாவெளித் தம்பி எழுதியிருக்கிறார்: தண்ணீரை வடித்தார், வட்டம் பெருக்கவில்லை, ஒரு மூலையில் மட்டும் போதனாசிரியர் சொன்ன மருந்தை அடியில் படும்படி அடித்தாராம். போதனாசிரியரை எப்படிப் பிடித்தார் என்று கேட்டேன். பூச்சியை ஒரு போத்தலில் போட்டு, போத்தலும் கையுமாகக் கமநல சேவை நிலையத்தில் போய் நின்றாராம். கெட்டிக்காரன்.

இப்போது யானைக் காவலுக்கு வயலில் இராத்தங்குகிறாராம், வாடியில்தான் படுக்கை. அதனால் பாம்பு பற்றி ஒன்று. பாம்பைப் படம் எடுத்துப் போட்டால் பெயர் சொல்கிற இளைஞர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள், நான் அவர்களை மனதார மதிக்கிறேன். அவர்களால் எத்தனையோ சாரைப் பாம்பு அடிபடாமல் தப்பியிருக்கிறது. வீட்டுக்குள் பாம்பைக் கண்டால் அவர்களைக் கேளுங்கள், தூரத்தில் நின்று.

கடித்துவிட்டால் யாரையும் கேட்க வேண்டாம். 1990 அம்புலன்ஸ், அல்லது கையில் உள்ள வாகனம், நேரே ஆஸ்பத்திரி. ஒருவர் ஆஸ்திரேலிய முறை என்று கால் முழுக்கத் துணியால் இறுக்கிச் சுற்றுகிற வீடியோவைப் பகிர்ந்திருக்கிறார். அந்த நாட்டு வைத்தியர்கள் அதை அந்த நாட்டுப் பாம்புக்குத்தான் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் விரியன் இனமே கிடையாது. கண்ணாடி விரியன் கடித்து வீங்கி வருகிற காலை அப்படி இறுக்குவதை அவர்கள் சொல்லவில்லை. காலை அசைக்காமல், மோதிரம் கொலுசைக் கழற்றிவிட்டு, ஆளை நடக்க விடாமல் கொண்டுபோங்கள்.

கட்டுவிரியன் பற்றியும் சொல்லவேண்டும். நித்திரையில், பாயில் படுத்திருக்கும்போது கடிக்கும், வலி பெரிதாக இராது, கடித்த அடையாளமும் தெரியாமல் போகலாம். விடிகிற நேரம் வயிற்று நோவு, கண் இமை தானாக விழுகிறது, விழுங்க முடியவில்லை என்றால் அதுதான். வலியில்லை என்று காத்திருக்காதீர்கள். நிலத்தில் படுப்பவர்கள் நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள்.

ஜனவரி 19

பட்டத்தைப் பார்க்கத் தேவையில்லை என்று நான் சொன்னதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். பம்புக்கு அது சரி. மருந்துக்கு அப்படி இல்லை. வைத்தியர் என்று சொல்கிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று பார்க்கலாம், பார்க்கவேண்டும். பதிந்தவர் என்றாலும் எந்தத் துறை என்று பாருங்கள். எலும்பு வைத்தியர் நீரிழிவு பற்றி வீடியோ போட்டால் அவர் அந்த விசயத்தில் படித்த வெளியாள், அவ்வளவுதான்.

அதைவிட முக்கியம், அவர் கடைசியில் எதையாவது விற்கிறாரா. பார்சலில் வருகிற சீனி வருத்தத் தூள், மூட்டு நோவுத் தூள் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மூலிகை என்று விற்ற இப்படியான தூள்களில் ஆங்கில மருந்தே கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. சீனித் தூளில் கிளிபென்கிளமைட், மூட்டுத் தூளில் ஸ்டீரொயிட். அதனால்தான் இரண்டாம் நாளே சுகம் தெரிகிறது. ஏற்கெனவே மெற்போமின் எடுக்கிறவர் அந்தத் தூளையும் எடுத்தால் சீனி ஒரேயடியாக இறங்கி இராத்திரியில் மயங்கிக் கிடப்பார், ஆஸ்பத்திரியில் கேட்டால் வேறு மருந்தே எடுக்கவில்லை என்று வீட்டார் சத்தியம் செய்வார்கள். அந்தத் தூள் பொதியைத் தயவுசெய்து கையோடு கொண்டுபோங்கள். பேச்சு விழுமோ என்று ஒளிக்காதீர்கள், பேசினாலும் பரவாயில்லை.

ஒவ்வொருவரையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. கூலி வாங்காமல், பெயர் வாங்காமல் இராத்திரியில் உட்கார்ந்து பதில் எழுதுகிற மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களால் எங்கள் வீட்டுக்கே எவ்வளவோ நன்மை. அவர்களிடம் ஒரு தன்மையைக் கண்டிருக்கிறேன். "இது என்னுடைய துறை இல்லை, இவரைக் கேளுங்கள்" என்று சொல்லத் தெரிந்தவர்கள். எதற்கும் பதில் வைத்திருப்பவரிடம் எனக்கு அந்த நிம்மதி வரவில்லை.

ஜனவரி 27

எப்படிக் கேட்பது என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி, இதை நான் முதலே எழுதியிருக்கலாம்.

வயல் என்றால் ஊர், நெல் இனம், விதைத்த திகதி, கடைசிப் பசளை, கடைசி மருந்து, தண்ணீர் நிலை. படம் மூன்று: தூரத்தில் இருந்து வயல் முழுக்க, ஒரு பயிர், பயிரின் அடி. வரம்பில் நின்று எடுத்த ஒரே படத்தைப் போட்டு "என்ன நோய்" என்று கேட்டால் எவராலும் சொல்ல முடியாது, சொல்கிறவர் ஊகிக்கிறார்.

உடம்பு என்றால் வயது, நிறை, வேறு வருத்தங்கள், எடுக்கிற எல்லாக் குளிசைகளும், கர்ப்பமா, பால் கொடுக்கிறவரா. இதை எல்லாம் பொதுவில் எழுத உங்களுக்கு விருப்பம் இராது, எழுதவும் வேண்டாம். ஆனால் இவ்வளவையும் அறியாத ஒருவர் சொல்கிற மருந்தின் அளவை எடுக்கலாமா என்பதற்கு அதிலேயே பதில் இருக்கிறது. பொதுவில் கேட்கவேண்டியது வேறு: இந்தச் சோதனை எதற்கு, இந்தச் சொல் என்ன, டாக்டரிடம் எதைக் கேட்க மறக்கக்கூடாது. இவற்றுக்கு வருகிற பதில் பிழைத்தாலும் யாரும் சாகமாட்டார்கள், சரியாக இருந்தால் அந்தக் கொஞ்ச நிமிசம் இரண்டு மடங்கு பிரயோசனப்படும். கேள்விகளைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள், டாக்டர் முன்னால் போனதும் எல்லாம் மறந்துவிடும், எல்லோருக்கும் அப்படித்தான்.

பெப்ரவரி 5

அக்கரைப்பற்றுத் தங்கச்சியின் கேள்வி: வாப்பாவுக்குக் கிளினிக்கில் கொடுக்கிற பிரஷர் குளிசையின் பெட்டி இந்த மாதம் வேறு நிறம், பெயரும் வேறு. ஒரு குழுவில் "அது போலி, பழையதையே வாங்குங்கள்" என்றும், இன்னொருவர் "இரண்டையும் எடுத்தால் பாதுகாப்பு" என்றும் எழுதியிருக்கிறார்களாம்.

இரண்டாவதை உடனே மறந்துவிடுங்கள் தங்கச்சி, இரண்டும் சேர்த்து எடுத்தால் பிரஷர் இறங்கி வாப்பா எழும்பும்போது தலைசுற்றி விழுவார். பெட்டியின் பெரிய எழுத்துப் பெயரைப் பார்க்காமல் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிற மருந்தின் பெயரைப் பாருங்கள், லொசாட்டன் என்றோ அம்லோடிபின் என்றோ இருக்கும். பழைய பெட்டியிலும் அதே பெயரா? பக்கத்தில் மில்லிகிராம் எவ்வளவு, இரண்டிலும் ஒன்றா? ஒன்று என்றால் கம்பனிதான் மாறியிருக்கிறது, எடுக்கலாம். மில்லிகிராம் மாறியிருந்தால் எண்ணிக்கையும் மாறவேண்டும், துண்டில் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெயரே வேறு என்றால் இன்றைக்கே, இரண்டு பெட்டியையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு, மருந்து கொடுத்த இடத்துக்குப் போய்க் கேளுங்கள். வாப்பாவுக்கு வயது என்ன, கிட்னி பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறார்களா?